‘காலனி’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம் முகவரியும்



இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசலாம். அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடி நீங்கள் அகராதியைப் புரட்டியிருக்க மாட்டீர்கள். ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாத நம் ஆயாக்களுக்கும் அது தெரியும். பேருந்து நடத்துநருக்கும் தபால்காரருக்கும் தெரியும். சாதிச் சான்றிதழ் எழுதுகிற கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். அந்தச் சொல் ‘காலனி’.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி வரும். கேட்கிறவர் பெரும்பாலும் படித்தவராக இருப்பார். “காலனி என்றால் குடியிருப்பு என்றுதானே அர்த்தம்? இதில் என்ன இழிவு? ரயில்வே காலனி இல்லையா, டீச்சர்ஸ் காலனி இல்லையா? நீங்களாகத்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள்” என்பார். இந்தக் கேள்விக்கு முகம் சிவந்து பயனில்லை. பதில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர் சொல்கிற அகராதிக்கே போவோம்.

‘காலனி’ என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். அங்கே ‘கொலோனஸ்’ என்றால் நிலத்தை உழுது பயிர் செய்கிறவர். ‘கொலோனியா’ என்றால் ரோமானியர்கள் தாங்கள் வென்ற நாடுகளில் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர். ஜெர்மனியில் இருக்கும் கொலோன் நகரத்தின் பெயர் அப்படி வந்ததுதான். இங்கிலாந்தின் லிங்கன் என்ற ஊர்ப்பெயரின் வாலிலும் அந்தக் ‘கொலோனியா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உழுதல், பேணுதல், குடியிருத்தல் ஆகிய பொருள்களைத் தருகிற அதே வினைச்சொல்லில் இருந்துதான் ‘கல்ச்சர்’ என்ற சொல்லும் வந்தது. பண்பாடும் காலனியும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த உழவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் ‘கொலோனஸ்’ என்பவர் பண்ணை நிலத்தோடு கட்டிப் போடப்பட்டார். பேரரசர் கான்ஸ்டன்டைன் 332ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணை ஒன்று, ஓடிப்போன கொலோனஸைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறது. ஓட நினைக்கிறவரை அடிமையைப் போல விலங்கு பூட்டி வேலை வாங்கலாம் என்கிறது. உழுகிறவர் என்ற பொருளில் தொடங்கிய சொல், நிலத்தைவிட்டு நகர முடியாதவர் என்ற பொருளில் போய் நின்றது. பண்ணையாள், படியாள் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஆங்கிலத்துக்கு வருவோம். அயர்லாந்திலும் வட அமெரிக்காவிலும் ஆங்கிலேயர்கள் குடியேறத் தொடங்கிய காலத்தில் அந்தக் குடியேற்றங்களுக்கு அவர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று ‘பிளான்டேஷன்’. மரத்தை நடுவது போல மனிதர்களைக் கொண்டுபோய் நடுவது என்று பொருள். பின்னாளில் அந்தச் சொல் தோட்டத்தை மட்டும் குறித்தது. பருத்தித் தோட்டம், கரும்புத் தோட்டம், தேயிலைத் தோட்டம். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்து போன கூலிகளில் பெரும் பகுதி நம் மக்கள். அங்கே அவர்களை வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் அடைத்தார்கள். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் ‘லயம்’ ஆனது. இசையில் லயம் என்றால் ஒரு பொருள். தோட்டத்தில் லயம் என்றால் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்.

இன்னொரு மாற்றுச்சொல் ‘செட்டில்மென்ட்’. ஜமீன்தார்களோடு வெள்ளைக்காரன் போட்ட 1793ஆம் ஆண்டு நில ஏற்பாட்டுக்குப் பெயர் நிரந்தர செட்டில்மென்ட். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்களைப் பிற்காலத்தில் கொண்டுபோய் அடைத்த இடங்களுக்கும் பெயர் செட்டில்மென்ட். ஒருவனுக்கு நிலம் எழுதிக் கொடுப்பதும் செட்டில்மென்ட், இன்னொருவனை வேலிக்குள் வைத்துக் கணக்கெடுப்பதும் செட்டில்மென்ட்.

‘கெட்டோ’ என்று ஒரு சொல் இருக்கிறது. வெனிஸ் நகரத்தில் 1516இல் யூதர்களை ஒரு பகுதிக்குள் ஒதுக்கி, இரவானதும் வாசலைப் பூட்டினார்கள். அந்தப் பகுதியின் பெயர் அது. அம்பேத்கர் எழுதிவைத்து, அவர் மறைவுக்குப் பிறகு அச்சான ஒரு நூலின் தலைப்பிலேயே தீண்டப்படாதவர்களை இந்தியாவின் கெட்டோவில் பிறந்த பிள்ளைகள் என்று குறிப்பிடுகிறார். நம் குடியிருப்பைக் குறிக்க உலகத்துக்குப் புரிகிற சொல்லைத் தேடிய அவர் எடுத்தது, பூட்டிய வாசலைக் குறிக்கிற சொல்லை.

ஆக அகராதி நடுநிலையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலனி, பிளான்டேஷன், செட்டில்மென்ட், கெட்டோ ஆகிய நான்கையும் ‘குடியிருப்பு’ என்று மொழிபெயர்த்துவிடலாம். யார் யாரைக் குடியேற்றினார்கள், யார் விரும்பி வந்தார்கள், யார் விலங்கோடு வந்தார்கள் என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகும்.

உயிரியலிலும் காலனி உண்டு. எறும்புகள் காலனியாக வாழும். தட்டில் வளர்க்கிற பாக்டீரியா காலனி காலனியாகப் பெருகும். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஆசிரியர் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே புள்ளி புள்ளியாக வைத்து, “இது ஒரு காலனி, இது ஒரு காலனி” என்று காட்டினார். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது: “சார், இது எந்த ஊரு காலனி சார்?” வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் லேசாகச் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். எங்கள் காலனியில் இருந்து அந்த வகுப்பில் மூன்று பேர் இருந்தோம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நோட்டில் அந்த வட்டத்தை வரைந்தோம், புள்ளிகளை வைத்தோம். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது.

‘காலனி’ என்ற சொல்லில் இழிவே இல்லை என்கிறவர், அந்த வகுப்பு எதற்குச் சிரித்தது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்காமல் பேசுவோம். இந்தியாவில் காலனி என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பம்பாயில் 1896இல் பிளேக் பரவிய பிறகு, நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு மனைகள் பிரித்த இடங்களில் தாதர் பகுதியும் ஒன்று. அங்கே பார்சி காலனி இருக்கிறது, இந்து காலனி இருக்கிறது. மரங்கள் அடர்ந்த அகலமான தெருக்கள். நடுத்தர வர்க்கமும் அதற்கு மேலானவர்களும் வாழ்ந்த இடம். 1930களில் அந்த இந்து காலனியில்தான் அம்பேத்கர் தன் வீட்டைக் கட்டினார். தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே திட்டமிட்ட ராஜகிருகம் அது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளை ‘இந்து காலனி’ என்ற முகவரியில் ஒரு நூலகத்தோடு குடியிருந்தார். அங்கே அந்தச் சொல்லுக்கு மரியாதை இருந்தது.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள் எப்படி வந்தது? இதற்கு நாம் ‘சேரி’யில் இருந்து தொடங்க வேண்டும்.

சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம். பழந்தமிழில் அதற்கு இழிவான பொருள் கிடையாது. புதுச்சேரிக்காரரும் வேளச்சேரிக்காரரும் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்ல இன்றும் கூச்சப்படுவதில்லை. பாடப்புத்தகத்தில் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர்போன ஊராகப் படித்தீர்களே உத்திரமேரூர், அந்தப் பிராமண ஊரே சேரிகளாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு சேரி என்று பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கிற இடத்தில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. சேரி என்ற சொல்லின் முன்னால் ‘தீண்டா’ என்பதை அன்று தனியாகச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. பிறகு நாளடைவில் அந்த முன்னொட்டு தேவைப்படாமல் போயிற்று. சேரி என்றாலே தீண்டாச்சேரி என்று ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அரசாங்கம் நமக்கு வீட்டுமனை கொடுக்கத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1920களில் அந்த வேலை தொழிலாளர் ஆணையரின் துறையிடம் இருந்தது. விடுதலைக்குப் பிறகு அரிஜன நலத்துறை வந்தது. 1974இல் தாட்கோ வந்தது. தொடங்கியபோது அதன் பெயரிலேயே வீட்டு வசதி இருந்தது. அரிஜன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. அரசு மனை பிரித்து, வரிசையாக வீடு கட்டி, முகப்பில் ‘அரிஜன காலனி’ என்று எழுதியது. பிறகு அதையே ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று மாற்றி எழுதியது. அரசு கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மக்கள் வைத்த பெயரே ‘காலனி வீடு’ என்று ஆனது.

இந்த இடத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அன்று காலனி என்ற சொல் நம்மிடம் இழிவாக வந்து சேரவில்லை. மரியாதையாக வந்தது. என் ஆயா சாகும்வரை ‘சேரி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா அவரைத் திருத்துவார். “சேரி சேரின்னு சொல்லாத. காலனின்னு சொல்லு. நாலு பேரு காதுல விழுவுது.” கூரை போய்த் தளம் வந்த வீட்டின் பெருமை அந்த ஆங்கிலச் சொல்லில் இருந்தது. ரயில்வேக்காரனுக்கும் வாத்தியாருக்கும் இருக்கிற அதே சொல் நமக்கும் வந்துவிட்டது என்ற சந்தோஷம் அம்மாவுக்கு இருந்தது.

ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. நான் பள்ளிக்குப் போனபோது “நீ ஊரா, காலனியா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அம்மாவின் சந்தோஷத்தில் பதில் இல்லை.

நகரத்தில் முதல் வேலை கிடைத்து வீடு தேடிய நாட்களில் இன்னொன்றையும் பார்த்தேன். அந்தத் தெருவின் முனையில் ஒரு வளைவு இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தின் பெயரைப் போட்டு, ‘ஊழியர் காலனி’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார், சொன்னேன்.

“ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?”

“காலனி சார்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். “வீட்ல ஒரு வார்த்தை கலந்துட்டு போன் பண்றேன்” என்றார். போன் வரவில்லை. அவருடைய முகவரியிலும் காலனி, என்னுடைய முகவரியிலும் காலனி. எழுத்து மூன்றும் ஒன்றேதான். அவர் காலனிக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது, என் காலனிக்கு முன்னால் எதுவும் சொல்லாமலே ஒரு சாதி இருந்தது.

சொல்லாமலே சாதியைச் சொல்ல முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லின் வசதி. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும் என்ற பயம் இன்று ஓரளவுக்காவது இருக்கிறது. “காலனிக்காரன்”, “காலனிப் பசங்க” என்று சொன்னால் பயமில்லை. வெறும் இடத்தைத்தானே சொன்னேன் என்று காவல் நிலையத்தில் சாதிக்கலாம். அதனால் சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உள்ள வடிவத்தில், 3(1)(எஸ்) பிரிவு சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதைப் பற்றியது. அதற்கு முந்திய 3(1)(ஆர்) பிரிவு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பதைப் பற்றியது. சாதிப் பெயரை உச்சரித்தாக வேண்டும் என்ற சொற்கள் அந்தப் பிரிவில் இல்லை. சாதியை வைத்துத்தான் அவமதித்தார் என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும். புகார் எழுதும்போது இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இப்போது அந்தப் பழைய பலகையை மறுபடி படியுங்கள்: ‘ஆதிதிராவிடர் காலனி’. ஆதி என்றால் முதல், தொடக்கம். பறையர், பஞ்சமர் என்று பதிவேட்டில் எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று எம்.சி.ராஜா போன்றவர்கள் போராடி, 1922இல் சென்னை மாகாண அரசை ஏற்கவைத்த பெயர் அது. இந்த மண்ணின் முதல் குடிகள் நாங்கள் என்ற உரிமைக் குரல் அந்தப் பெயரில் இருக்கிறது. காலனி என்றால்? எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் இடம். ஒரே பலகையில் முதல் சொல் நம்மைப் பூர்வகுடி என்கிறது, அடுத்த சொல் வந்தேறி என்கிறது. ஊர் என்ற சொல்லைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, காலனி என்ற சொல்லை நமக்குக் கொடுத்ததன் வேலை இதுதான். ஒரே வருவாய்க் கிராமம், ஒரே ஊராட்சி, ஒரே ஏரி. ஆனால் ‘ஊர்க்காரர்’ என்றால் நாம் அதில் வரமாட்டோம்.

வரலாற்றுப் பாடத்தில் காலனி என்பதற்கு இன்னொரு பொருளைப் படித்திருப்பீர்கள். வேறொருவர் ஆள்கிற நாடு. உழைப்பும் விளைபொருளும் வெளியே போகும், முடிவெடுக்கிற அதிகாரம் வெளியே இருக்கும். அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தின் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967இல் எழுதிய ‘பிளாக் பவர்’ என்ற நூலில், கறுப்பர்கள் அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு காலனியாக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வாதிட்டார்கள். உங்கள் கிராமத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்கள் எங்கிருந்து போகிறார்கள்? ஏரி மீன் ஏலம் எங்கே நடக்கிறது? ரேஷன் கடை, தபால் நிலையம், பேருந்து நிறுத்தம், ஊராட்சி அலுவலகம் எந்தப் பக்கம் இருக்கின்றன? பிணத்தைத் தூக்கிக்கொண்டு யார் நிலத்து வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது? அரிஜன காலனி என்று பலகை எழுதிய அதிகாரி அந்தப் பொருளை நினைத்திருக்க மாட்டார். ஆனால் அகராதியில் இருக்கிற பொருள்களிலேயே நம் நிலைமைக்குப் பொருத்தமானது அதுதான்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாக இருக்கிற ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதி உள்ளிட்ட அரசு விடுதிகள் எல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

நம் தோழர்களிடையே இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. ஒரு பக்கம், இது பெரிய சாதனை என்கிறார்கள். இன்னொரு பக்கம், இது கண்துடைப்பு, பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா என்கிறார்கள். நான் இந்த அறிவிப்பை வரவேற்கிறேன். ஒரு பிள்ளை தன் முகவரியைச் சொல்ல வாய் கூசுகிறது என்றால், அந்தக் கூச்சத்தை உண்டாக்குகிற சொல்லை அரசாங்கத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுக்கக் கூடாது. இது குறைந்தபட்சம். மற்றவர்கள் இதை எளிதாகக் கேலி செய்யலாம், சான்றிதழில் அந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள்.

ஆனால் சேரி, அரிஜன காலனி, ஆதிதிராவிடர் காலனி என்ற வரிசையை மறக்காதீர்கள். ஒவ்வொரு புதிய சொல்லும் சுத்தமாகத்தான் வந்தது. வந்து உட்கார்ந்த இடம் பழைய இடம். அதனால் பழைய பொருள் ஏறிக்கொண்டது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நம் மக்களின் மூன்று குடியிருப்புகளைத் தீ வைத்து எரித்தார்கள். 200க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. ஒன்றின் பெயர் நத்தம் காலனி. இன்னொன்றின் பெயர் கொண்டம்பட்டி. மூன்றாவதின் பெயர் அண்ணா நகர். காலனி என்ற பெயரும் எரிந்தது, நகர் என்ற பெயரும் எரிந்தது. வந்தவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வரவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்களுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அந்த இடத்துக்கு அழகான தமிழ்ப்பெயர்தான் இருக்கிறது.

பெயரை யார் வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். இழிவுபடுத்தப் பயன்படுத்திய சொல்லையே எடுத்துத் தலைப்பில் நிமிர்த்தி வைத்தார். 1922இல் ஆதிதிராவிடர் என்பதை நாம் கேட்டு வாங்கினோம். ‘அரிஜன்’ காந்தி பரப்பியது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ‘காலனி’ அதிகாரி எழுதியது. நாமே எடுத்துக்கொண்ட பெயர்கள் நம்மைக் கூட்டாகப் பேசவைத்தன. மற்றவர்கள் கொடுத்த பெயர்கள் நம்மை அடையாளம் காட்ட மட்டும் உதவின. ஆகவே ‘காலனி’யை அழித்துவிட்டு அந்த இடத்தில் எதை எழுதுவது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரும் நமக்காக முடிவு செய்ய விடாதீர்கள்.

அம்பேத்கர் ஒரு குடியிருப்பை மனதில் வைத்திருந்தார். 1947இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற தன் திட்டத்தில், பட்டியல் சாதியினரைத் தனிக் கிராமங்களில் குடியேற்றுவதற்கு ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று கேட்டார். அரசின் தரிசு நிலங்களை அதற்குக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் கையாண்டதும் அதே ‘செட்டில்மென்ட்’ என்ற சொல்தான். ஆனால் அவர் கேட்டது ஊரின் வால் போலத் தொங்குகிற மூன்று சென்ட் மனையை அல்ல. சொந்தமாக உழ நிலம், சொந்தமாக முடிவெடுக்க ஒரு கிராமம். நமக்குக் கிடைத்ததோ ஏரிக்கரைப் பள்ளத்திலும் சுடுகாட்டுப் பக்கத்திலும் ஒரு வரிசை வீடு. வேலைக்கு மறுபடி அதே ஊருக்குத்தான் போக வேண்டும். நிலத்தோடு கூடிய குடியேற்றத்துக்கும் நிலமில்லாத காலனிக்கும் உள்ள தூரம், ராஜகிருகத்துக்கும் என் அம்மாவின் காலனி வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

அதனால் வரப்போகிற கிராமசபைக் கூட்டத்துக்கு வெறும் பெயர்மாற்றக் கோரிக்கையோடு போகாதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்பே நம் தெருவில் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களையும் பெரியவர்களையும் கேளுங்கள். என்ன பெயர் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அந்தத் தீர்மானத்தோடு சேர்த்து வேறு சில தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீடு கட்டி ஐம்பது வருடம் ஆகியும் பட்டா இல்லாதவர்களின் பட்டியல். சுடுகாட்டுப் பாதைக்கான மனு. கிராமத்தில் இருக்கிற பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதில். ரேஷன் கடையையும் அங்கன்வாடியையும் ஊருக்கும் நமக்கும் பொதுவான இடத்தில் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை. தீர்மானப் புத்தகத்தில் பெயரும் இவையும் ஒரே பக்கத்தில் ஏற வேண்டும்.

“வெறும் வார்த்தைதானே” என்று யாராவது சொன்னால் இப்போது உங்களிடம் பதில் இருக்கிறது. ஆமாம், வார்த்தைதான். தீண்டாச்சேரியில் இருந்து காலனிவரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக இடத்தை மாற்றாமல் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்த முறை இரண்டையும் மாற்றுவோம்.

ஜெய்பீம்.